காற்றுக்குச் சாதி இல்லை, காற்றாலைக்கு?

காற்று எல்லோருக்கும் பொது என்கிறார்கள். அதைப் பிடிக்கும் நிலம் யாருடையது? விற்ற மின்சாரத்தின் காசு யார் பெட்டிக்குப் போகிறது?

1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் அரசு மாதிரிக் காற்றாலைகளை நிறுவியது. பிறகு முப்பந்தல், கயத்தாறு, ஆண்டிபட்டி என்று பரவி, இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இதைக் காற்று மட்டும் செய்யவில்லை, வருமான வரிச் சலுகையும் சேர்ந்தே செய்தது. 1990களில் காற்றாலை வாங்கிய விலை முழுவதையும், பின்னாளில் 80 விழுக்காட்டையும், முதலாண்டிலேயே தேய்மானமாகக் காட்டி லாபத்தில் கழிக்கலாம். 2017இல்தான் அது 40 விழுக்காடானது. கழிப்பதற்கு லாபம் வேண்டுமே! பஞ்சாலை முதலாளிக்கு அது இருந்தது. சேரிக்கு எது இருந்தது?

மதுரை கே.கே. நகரிலிருந்து கயத்தாறு பக்கத்து உறவுகளைப் பார்க்க அடிக்கடி போகிறேன். எங்கள் ஆட்களுக்குக் கிடைத்தது குழி தோண்டும் கூலியும் இரவுக் காவலும். இடம் விற்றவரும் தரகரும் ஒப்பந்தக்காரரும் ஊர்த்தெருக்காரர்கள்.

1995இல் கொடியன்குளத்தில் காவல்துறை வெறியாட்டம் ஆடியது. தென்மாவட்டங்கள் கொந்தளித்தபோது, தொழில் வந்தால் சாதிக் கலவரம் ஓயும் என்றார்கள். நாங்குநேரியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுத்தார்கள். பெரும்பகுதி காலியாகக் கிடக்கிறது. 2023 ஆகஸ்டில் அதே நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் தடுக்கப் போன தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். காற்றாலைகள் நிறைந்த வட்டாரம் அது. நிலமும் லாபமும் பழைய கைகளிலேயே இருந்தால், தொழில் சாதியைக் கரைக்காது, அதற்குத் தீனிதான் போடும்.

அண்ணல் அம்பேத்கர் இதை அன்றே உணர்ந்தவர். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு மின்சாரக் கொள்கையையும் கவனித்தவர். 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் அடிப்படைத் தொழில்களும் விவசாய நிலமும் அரசுடைமையாக வேண்டும் என்றார். அதெல்லாம் கனவு என்பவர்கள் டென்மார்க்கைப் பார்க்கட்டும். அங்கே 2009இல் நடைமுறைக்கு வந்த சட்டம், புதிய காற்றாலைத் திட்டத்தின் 20 விழுக்காடு பங்கை அக்கம்பக்கத்தாருக்கு விலைக்கு வழங்கக் கட்டாயப்படுத்தியது. பங்கு வாங்கப் பணமில்லாத நம் மக்களுக்கு அதை அரசே வாங்கித் தரவேண்டும்.

இப்போது பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க 2024இல் தமிழக அரசு கொள்கை வெளியிட்டிருக்கிறது. நிபந்தனை போட இதுதான் நேரம்:

1. காற்றாலை நிற்கும் ஒவ்வொரு புல எண்ணையும் பஞ்சமி நிலப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பஞ்சமி நிலத்தைப் பிறருக்கு விற்றது செல்லாது. மீட்டு, உரியவருக்கே குத்தகைப் பணம் போகச் செய்ய வேண்டும்.

2. அந்தந்த ஊர்ச் சேரி மக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்கு வேண்டும்.

3. ஐ.டி.ஐ. முடித்த தலித் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் காவல் வேலை அல்ல, இயந்திரப் பராமரிப்பு வேலையில் இடஒதுக்கீடு வேண்டும்.

வரிச் சலுகை மக்கள் பணம். அதில் எழுந்த காற்றாலையில் எங்களுக்குப் பங்கு கேட்பது பிச்சை அல்ல, உரிமை.