பூஜ்ஜியத்தை நம்பலாமா?

1986 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி வன்புணர்வுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய கதவுகள் அன்றிரவு மூடாதபடி அண்டக்கொடுத்து வைக்கப்பட்டிருந்தன. முந்தைய மூன்றாண்டுகளில் அந்த வளாகத்தில் 38 வன்குற்றங்கள் நடந்திருந்தன என்பது பெற்றோருக்கு மகளை இழந்த பிறகுதான் தெரியவந்தது. அவர்கள் விடாமல் போராடியதன் பலனாக 1990இல் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று வந்தது. பின்னர் அது ஜீன் கிளெரியின் பெயரையே பெற்றது. அரசின் கல்வி நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் கல்லூரிகள், மூன்றாண்டுக் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் அக்டோபர் 1க்குள் வெளியிட வேண்டும். ஆபத்து தொடரும் நிலை இருந்தால் உடனே எச்சரிக்க வேண்டும். வளாகக் காவல் பிரிவு உள்ள இடங்களில் அன்றாடக் குற்றப் பதிவேட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால், குற்றங்களை எண்ணும் பொறுப்பை, அந்த எண்ணிக்கையால் பெயர் கெடக்கூடிய நிறுவனத்திடமே அது விட்டுவிட்டது. விளைவைப் பாருங்கள்: 2016ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 89 சதவீத வளாகங்கள் ஒரு வன்புணர்வுகூட நடக்கவில்லை என்று அறிவித்தன. இவற்றில் விடுதியே இல்லாத சிறு தொழிற்பயிற்சிக் கல்லூரிகளும் உண்டு என்பது உண்மை. ஆனால், 2015இல் 27 பல்கலைக்கழகங்களில் நடந்த ஆய்வில், இளநிலை மாணவிகளில் 23 சதவீதத்தினர் வலுக்கட்டாயமாகவோ சுயநினைவற்ற நிலையிலோ பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். வன்புணர்வு அல்லாத அத்துமீறல்களும், வளாகத்துக்கு வெளியே நடந்தவையும் இதில் அடக்கம். அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் இரண்டு கணக்குகளுக்கும் நடுவே உள்ள பள்ளம் நிரம்பாது. புகார் சொன்னால் கேட்க ஆள் இல்லாத வளாகத்திலும் பூஜ்ஜியம்தான் பதிவாகும்.

கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்ததை மறக்கக் கூடாது. 2006 டிசம்பரில் விடுதி அறையில் ஒரு மாணவி இறந்து கிடந்தார். வளாகக் காவலர்கள் அதைச் சந்தேக மரணமாகவே விசாரித்துக்கொண்டிருந்தபோது, குற்றச்செயல் நடந்ததாக எண்ணக் காரணம் இல்லை என்று நிர்வாகம் அறிவித்தது. சுமார் பத்து வாரம் கழித்து, 2007 பிப்ரவரியில் சக மாணவர் ஒருவர் கைதானபோதுதான், தங்கள் மகள் கொலை செய்யப்பட்டாள் என்பது பெற்றோருக்கே தெரிந்தது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி நீக்கப்பட்டார், அபராதமும் விழுந்தது. இதே சட்டத்தை மீறியதற்காகப் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 24 லட்சம் டாலர், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 45 லட்சம், 2024இல் லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 1.4 கோடி என்று அபராதத் தொகை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால், இவையெல்லாம் விவகாரம் வெடித்த பின் வந்த தண்டனைகள். எச்சரிக்கை தேவைப்பட்ட நாளில் மாணவிகளுக்கு இவற்றால் என்ன பயன்?

வளாகத்துக்கென்று காவல் படை இருப்பதே தவறு என்பது என் வாதமல்ல. நகரக் காவல் துறையைவிட அவர்கள் மாணவர்களை நன்கு அறிவார்கள், விரைந்து வருவார்கள் என்று சொல்லப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால், ஆயுதமும் கைது அதிகாரமும் உள்ள அதிகாரி, கல்லூரியின் நற்பெயரைக் காக்க வேண்டிய நிர்வாகிக்குப் பதில் சொல்லும் நிலையில் இருந்தால், அவர் எழுதும் பதிவேட்டை வெளியார் ஒருவர் சரிபார்த்தே ஆக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் என்னாவது என்று கேட்கலாம். பதிவேட்டுக்குத் தேவை குற்றத்தின் வகை, தேதி, இடம், நடவடிக்கை ஆகியவைதான், பெயர் அல்ல. உண்மையை எழுதும் கல்லூரிக்குத்தானே பாதிப்பு என்ற கேள்வி இன்னும் கனமானது. இன்றைய நிலையில் அப்படித்தான் நடக்கும். அதனால்தான் கல்லூரி தரும் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, வெளியார் நடத்தும் மாணவர் கணக்கெடுப்பின் முடிவையும் அச்சிட வேண்டும் என்கிறேன். இரண்டும் அருகருகே இருந்தால் பூஜ்ஜியம் எழுதும் கல்லூரிதான் பதில் சொல்ல வேண்டிவரும். பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பும் நம் ஊர்ப் பெற்றோரும் கட்டணப் பட்டியலோடு இந்தக் குற்றக் கணக்கையும் இணையத்தில் எடுத்துப் படிக்க வேண்டும். கணக்கில் குற்றங்கள் இருப்பதை மட்டும் பார்த்து ஒரு கல்லூரியை ஒதுக்கிவிடக் கூடாது.

தனியார் பல்கலைக்கழகங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. அன்றாடப் பதிவேட்டின் சுருக்கமான வரிகளுக்கு அப்பால், முழுக் காவல் ஆவணத்தைக் கேட்டால் மாநிலத்துக்கு மாநிலம் பதில் மாறுகிறது. மாணவப் பத்திரிகையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், தனியார் பல்கலைக்கழகக் காவல் பிரிவின் ஆவணங்களும் பொது ஆவணங்களே என்று 2015இல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, பக்கத்து மாநிலமான இண்டியானாவின் உச்ச நீதிமன்றம், நோட்டர்டாம் பல்கலைக்கழகக் காவல் பிரிவுக்கு மாநிலத்தின் பொது ஆவணச் சட்டம் பொருந்தாது என்றது. மாநிலம் தந்த அதிகாரத்தால் கைது செய்கிறவர்கள், கைதின் விவரத்தை மாநிலத்தின் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பதை ஏற்க முடியவில்லை. டெக்சாஸ் 2015இல் சட்டமியற்றியே தனியார் பல்கலைக்கழகக் காவல் பிரிவுகளைத் தகவல் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் அப்படிச் செய்யத் தடையில்லை.