உரம் கேட்கவில்லை, வெளிச்சம் கேட்கிறது



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவருக்கு நைட் ஷிப்ட். பகலில் அவர் தூங்க வேண்டுமே என்று ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்பு சன் ஃபிலிம் ஒட்டினார்களாம். அறையில் அனல் குறைந்தது, அவருக்குத் தூக்கமும் வந்தது. ஜன்னலோரம் செழித்துக் கிடந்த மணி பிளான்ட் மட்டும் நாளுக்கு நாள் இளைக்கிறது. உரம் போட்டும் தேறவில்லையே என்று வருந்துகிறார்.

உரத்தை நிறுத்திவிடுங்கள் சகோதரி. செடி ஏங்குவது வெளிச்சத்துக்கு.

இலை சமைப்பதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வைத்துத்தான். 400 முதல் 700 நானோமீட்டர் வரை என்று விஞ்ஞானத்தில் சொல்வார்கள். புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்பு வெப்பத்தையும் ஃபிலிம் தடுத்தால் செடிக்கு நஷ்டமில்லை. மேற்கு ஜன்னலில் கத்திரி வெயிலுக்கு இலை கருகாமல் காக்கவும் செய்யும். வெளிச்சத்தையும் சேர்த்து மறைக்கும் கறுப்பு ஃபிலிம்தான் வில்லங்கம். கடையில் வி.எல்.டி. என்று ஓர் எண் சொல்வார்கள், கேட்டு வாங்குங்கள். 70 என்றால் நூற்றில் எழுபது பங்கு வெளிச்சம் உள்ளே வரும். 20 என்றால் இருபதே பங்கு. நம் கண் மங்கலுக்குச் சீக்கிரம் பழகிவிடும். செடியால் அப்படிப் பழக முடியாது. கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், புது இலை சிறுக்கும், மஞ்சள் வரி மங்கி வெறும் பச்சையாகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. வெளிச்சம் குறைந்த செடி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். பழைய வழக்கப்படி ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகிவிடும். மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு ஊற்றவே வேண்டாம்.

இரவெல்லாம் நின்று வேலை பார்த்தவரின் தூக்கத்தைவிடச் செடி பெரிதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தூக்கத்துக்குத் தடித்த திரைச்சீலையே போதும் என்பது என் கட்சி. அவர் எழுந்ததும் விலக்கிவிடலாம். ஒட்டிய ஃபிலிமை அப்படி விலக்க முடியாதே. ஒட்டியாகிவிட்டது என்றால் தொட்டியைக் கண்ணாடிக்கு வெளியே, கம்பிப் பக்கம் வையுங்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகிறது. அதனால் வடக்கு ஜன்னல்காரர்களும் கவலைப்பட வேண்டாம். லாரிப் புழுதி படிந்த கண்ணாடியை அடிக்கடி துடையுங்கள், அதுவும் வெளிச்சத்தைத் தின்னும். மங்கலான அறைக்குள்தான் வைத்தாக வேண்டும் என்றால் மருள் தாக்குப்பிடிக்கும். துளசியையும் கறிவேப்பிலையையும் தயவுசெய்து மாடிக்கு அனுப்பிவிடுங்கள்.

தேர்வாய்கண்டிகை, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கத்து ஷிப்ட் குடும்பங்களே, உங்கள் ஜன்னலில் எந்தச் செடி தழைக்கிறது, எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் அதற்காக இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்