ஆண்டுக்கு அரை மணி நேரம்



காப்பீட்டு அட்டை பற்றிப் பேச்சு வந்தாலே நம் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "அப்பாவுக்கு முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கு. அதைக் காட்டி ஒரு தடவை முழுசா செக்கப் பண்ணிக்கலாமா?"

முடியாது என்பதுதான் பதில். சொல்லும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் ஆகாத நேரத்தில், "ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்" என்று ஒரு பிள்ளை தகப்பனை அழைத்துப்போக நினைப்பது எவ்வளவு நல்ல எண்ணம்! அந்த எண்ணத்துக்கு அட்டையில் இடமில்லை.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தமிழ்நாட்டில் தொடங்கியது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. 2022இல் புதுப்பித்தபோது ஆண்டு வருமான வரம்பை 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்த்தினார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இருதய அறுவைச் சிகிச்சைக்காக நிலத்தையோ நகையையோ விற்காமல் தப்பித்த குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. இந்தத் திட்டத்தின் அருமையை நான் ஒரு நாளும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த 2022ஆம் ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். 1,090 சிகிச்சைகள், 8 தொடர் சிகிச்சைகள், 52 பரிசோதனைகள். அந்த 52ம் நோய்க்குறி தெரிந்து மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு செய்துகொள்பவை. நன்றாக நடமாடும் ஒருவர், நோய் வருமுன் பார்த்துக்கொள்ள வழியில்லை. 70 வயது நிறைந்த எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய திட்டத்திலும் இதே கதைதான். படுக்கையில் சேர்ந்தால் பணம் உண்டு, சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும் வீடு திரும்பிய பின் 15 நாள் செலவும்கூட உண்டு. ஓ.பி. சீட்டோடு திரும்பி வருகிறவருக்கு ஒன்றும் இல்லை.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. பழைய வரி முறையில் இருப்பவர் முன்தடுப்புப் பரிசோதனைக்குச் செலவிடும் தொகையில் 5,000 ரூபாய் வரை கழித்துக் காட்டலாம். வருமுன் காப்பதற்குச் சலுகை தரவேண்டும் என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சலுகை ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெரியவரிடம் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இதை மாற்ற முடியாதா? அமெரிக்காவில் மாற்றியிருக்கிறார்கள். ஒரே நாளில் அல்ல, துண்டு துண்டாக, பல பத்தாண்டுகளில். 1965 ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலத்தின் இண்டிபென்டன்ஸ் நகரில், முன்னாள் அதிபர் ட்ரூமனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, லிண்டன் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு அது. வழக்கமான உடல் பரிசோதனைக்குப் பணம் கிடையாது என்று அந்தச் சட்டமே சொன்னது. நம் அட்டை இன்று நிற்கும் இடத்தில்தான் அதுவும் அன்று நின்றது. 1981இல் நிமோனியா தடுப்பூசியைச் சேர்த்தார்கள். 1991இல் மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம், 1993இல் ஃப்ளூ தடுப்பூசி. 1997இல் வந்த சட்டம் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கும் வழிசெய்தது. 2005இல், மெடிகேரில் புதிதாகச் சேர்கிறவருக்கு ஒரு முதல் சந்திப்பு. 2011 ஜனவரியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு சந்திப்பு, கைக்காசு ஒரு பைசா இல்லாமல். அதற்குள் சட்டம் வந்து 45 ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் பல் சிகிச்சையும் மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் பொதுவாக அடிப்படை மெடிகேரில் இல்லை. குறையில்லாத திட்டம் என்று நான் சொல்லவில்லை.

அந்த ஆண்டுச் சந்திப்பில் என்ன நடக்கிறது என்பதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஸ்கேன் இல்லை, குழாய் குழாயாக ரத்தம் எடுப்பதில்லை. மருத்துவரோ செவிலியரோ எதிரில் உட்கார்ந்து கேட்கிறார். இந்த ஒரு வருஷத்தில் எங்காவது விழுந்தீர்களா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், யார் யார் எழுதிக் கொடுத்தது? தனியாகக் குளிக்க, உடுத்த, சமைக்க முடிகிறதா? மனசு சோர்ந்திருக்கிறதா? ஞாபக சக்தியைச் சோதிக்கச் சின்னச் சின்னக் கேள்விகள். ரத்த அழுத்தம், எடை. எந்தத் தடுப்பூசி பாக்கி, எந்தப் பரிசோதனைக்கு நேரம் வந்துவிட்டது என்று எழுதிய ஒரு தாளோடு வீடு திரும்பலாம். இந்தப் பேச்சுக்குக் காப்பீடு மருத்துவருக்குப் பணம் கொடுக்கிறது.

வருமுன் காப்பது என்றதும் நமக்கு மாஸ்டர் செக்கப் விளம்பரங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. கோல்டு, டைமண்ட், பிளாட்டினம் என்று அடுக்குவார்கள். பெரியவர்களுக்கு அவற்றில் பாதி தேவையே இல்லை. தேவையானது அப்படி எதிரில் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம். எழுபதைத் தாண்டியவர் படுக்கையில் விழக் காரணமாவது பல நேரம் புதிதாக வந்த பெரிய வியாதி அல்ல. இரவில் எழுந்தவுடன் தலைசுற்றி, பாத்ரூமில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்துபோவதுதான். அதற்குப் பின்னால் கூடிப்போன பி.பி. மாத்திரை இருக்கலாம், கண்புரை இருக்கலாம், மங்கலான விளக்கு இருக்கலாம். எந்த ஸ்கேனிலும் தெரியாத இவை, கேட்டால் தெரிந்துவிடும்.

என் பெரியம்மா ஒருவர் மூன்று டாக்டர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார். இருதயத்துக்கு ஒருவர், சுகருக்கு ஒருவர், மூட்டு வலிக்கு ஒருவர். அத்தனை மாத்திரைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருநாள் "பையைக் கொண்டாங்கம்மா" என்று கேட்டு வாங்கி மேசைமேல் கொட்டிப் பார்த்தார். ஒரே பி.பி. மருந்து இரண்டு பெயரில் இருந்தது. மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரை தனியாக ஒரு அட்டை. சிறுநீரகத்துக்கு ஆகாது, பி.பி.யையும் ஏற்றும் என்று சொல்லி அதை நிறுத்தச் சொன்னார். பெரியம்மாவுக்கு இருந்த கிறுகிறுப்பு சில நாளிலேயே குறைந்தது. அந்தச் செவிலியருக்கு இதற்கென்று யாரும் தனியாகச் சம்பளம் கொடுக்கவில்லை. நல்ல மனசு, கூடவே அன்றைக்குக் கூட்டமும் குறைவு.

நல்ல மனசையும் கூட்டம் குறைந்த நாளையும் நம்பியே நம் பெரியவர்களை விட்டுவைக்கலாமா? 2021இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம் என்றும், 2031இல் அது 18.2 சதவீதமாகும் என்றும் கணித்திருக்கிறார்கள். நாட்டில் கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான்.

வழி தெரியாத மாநிலமும் அல்ல நம்முடையது. முதியோருக்குத் தனி மருத்துவம் வேண்டும் என்ற நினைப்பே நாட்டில் பெரிதாக இல்லாத 1978இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் அதைத் தொடங்கினார். 1999இல் வருமுன் காப்போம் திட்டம் வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பி.பி., சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு இயன்முறை மருத்துவரும் வலி தணிப்புச் சிகிச்சை தருகிறவரும் வருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டிலிருந்து சனிக்கிழமை முகாம்களும் நடந்தன. இதயம், கண், காது, எலும்பு என்று 17 துறை மருத்துவர்கள் ஒரே இடத்தில்.

ஆக, ஆள் இருக்கிறார்கள், மருந்து இருக்கிறது. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பி.பி. பார்த்து எழுதிக்கொண்டு போகிறார். ஆனால் அதையெல்லாம் ஒன்றாக வைத்துக்கொண்டு, ஒரு பெரியவரை ஆண்டுக்கு ஒருமுறை உட்கார வைத்துப் பேச வேண்டியது யார்? யார் பொறுப்பு என்று எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்கவில்லை. முகாமில் பார்த்தார்கள், சரி. முகாம் அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

காப்பீட்டு நிறுவனத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதன் ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்குத்தான். இன்று செய்த பரிசோதனையால் மிச்சமாகும் பணம் எட்டு, பத்து ஆண்டுகள் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். அப்போது ஒப்பந்தம் வேறொருவர் கையில் இருக்கலாம். ஆனால் நம் அட்டைக்குப் பிரீமியம் கட்டுவது அரசு. எட்டு ஆண்டு கழித்து வரப்போகும் டயாலிசிஸ் செலவும் அரசின் செலவுதான். இலாபமும் நட்டமும் ஒரே கணக்கில் விழும்போது யோசிக்க என்ன இருக்கிறது?

அதனால் இந்தப் பக்கத்தில் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். காப்பீட்டுப் பட்டியலில் இன்னும் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்: அறுபது நிறைந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மூத்தோர் ஆலோசனை. அதற்கான தொகையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே கொடுக்கலாம். அட்டையில் சிகிச்சை அளிக்கும் அரசு மருத்துவமனைகளுக்குக் காப்பீட்டுப் பணம் போவதும், அதில் ஒரு பகுதியை அங்கேயே வசதிகளுக்கும் ஊழியர் ஊக்கத்தொகைக்கும் செலவிடுவதும் இங்கே ஏற்கெனவே உள்ள வழக்கம்தான். கூட்டம் உள்ள நாளிலும் அந்த மஞ்சப்பையைக் கொட்டிப் பார்க்க ஒருவருக்கு அப்போது நேரம் ஒதுக்க முடியும். கூடவே தடுப்பூசி. நம் தேசியத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரியது. ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் பெரியவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமானால் சொந்தக் காசுதான். 2021 மார்ச் 1 முதல் அறுபது வயதுக்காரர்கள் பள்ளிக்கூடங்களிலும் சுகாதார நிலையங்களிலும் வரிசையில் நின்று கொரோனா ஊசியை இலவசமாகப் போட்டுக்கொண்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதைச் செய்ய முடிந்த அரசுகளுக்கு இதையும் செய்ய முடியும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட யாரும் பி.பி., சுகர், வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும், பெண்கள் மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் இலவசமாகச் செய்துகொள்ளலாம். அட்டை எதுவும் வேண்டாம். தன்னார்வலர் எந்த நாளில் உங்கள் தெருவுக்கு வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அன்று பெரியவர்களை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள், வீட்டில் அரைத்துச் சாப்பிடும் சூரணம் உட்பட. மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோருக்கான உதவிக்கு 14567 என்ற எண்களைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

அந்த அரை மணி நேரத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு பக்கத் தாளாக அடுத்த இதழில் தருகிறோம். கத்தரித்து எடுத்துப் போகலாம். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பெரியவர்களை உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசும் மருத்துவரோ செவிலியரோ இருந்தால், அங்கே என்ன செய்கிறார்கள், எந்த நாளில் செய்கிறார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். வரும் கடிதங்களைத் தொகுத்து, மேலே சொன்ன கோரிக்கையோடு சுகாதாரத் துறைக்கு அனுப்பி வைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்