மதகு திறக்காவிட்டால் வாய்க்காலைக் குறை சொல்லி என்ன பயன்?

மீஞ்சூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் அக்காவைத் திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நாலு வருடமாக அவளுக்கு வெளிக்குப் போவதே பெரும்பாடு. கீரை, கொய்யா, விளக்கெண்ணெய், இசப்கோல் எல்லாம் பார்த்தாயிற்று. வயிறு உப்புகிறதே தவிர முழுதாகப் போவதில்லை. அரை மணி நேரம் முக்குகிறாள். சில நாள் கையால் அழுத்திவிட வேண்டியிருக்கிறது. டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள். பசுவுக்குக் கருப்பை வெளித்தள்ளினால் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். மனுஷிக்கு ஒரு பக்கம் ஒதுக்கக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். ஏரியில் தண்ணீர் இருந்தும் வயலுக்கு வரவில்லை என்றால் எந்த விவசாயியும் முதலில் மதகைத்தான் போய்ப் பார்ப்பார். மலச்சிக்கல் என்றால் மட்டும் எல்லோரும் மேலே மேலே கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நார்ச்சத்து, பேதி மருந்து, மறுபடி நார்ச்சத்து. குடல் சோம்பிக் கிடந்தால் அது உதவும். கோளாறு மதகில் இருந்தால் உதவாது. மதகு மூடிக் கிடக்க நார்ச்சத்தை அள்ளிப் போட்டால் உப்புசம்தான் கூடும். அக்காவுக்கு நடப்பது பெரும்பாலும் அதுவாக இருக்கலாம்.

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் தூளி கட்டியதுபோல் ஒரு தசைப் படுகை இருக்கிறது. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். அதில் ஒரு தசை, மலக்குடலின் கடைசிப் பகுதியைப் பின்பக்கமாகச் சுற்றி முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். தண்ணீர் ஓஸை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நிற்கிறதல்லவா, அதே வேலை. வெளிக்கு உட்காரும்போது அந்தத் தசை தளர்ந்து மடிப்பு நேராக வேண்டும். சிலருக்கு முக்கும் நேரத்தில் தளர்வதற்குப் பதிலாக இறுகுகிறது. வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, உடம்பு தப்பாகப் பழகிவிடுகிறது. நாள்பட்ட மலச்சிக்கலோடு குடல் நிபுணர்களிடம் வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது.

எப்படிப் பழகுகிறது? வலிக்குப் பயந்து இறுக்குவது ஒன்று. மூலமோ வெடிப்போ இருந்தால் அப்படி ஆகும். அடக்கி வைப்பது இன்னொன்று. உப்பளங்களில் வெயிலில் நிற்கிற பெண்களும், துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் காத்துக் கிடக்கிற கன்டெய்னர் லாரி டிரைவர்களும், நடவு வயலில் இருட்டும் வரை பொறுத்துக்கொள்கிற நம் வீட்டுப் பெண்களும் அடக்கித்தான் காலம் தள்ளுகிறார்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அடக்க அடக்க மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். மலக்குடல் விரிந்து, வருகிறது என்ற உணர்வே மழுங்கிப் போகும்.

பிரசவம் மூன்றாவது காரணம். இந்தத் தசைகளை இயக்கும் நரம்புகள், முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பின் இரண்டாம், மூன்றாம், நான்காம் கிளைகளிலிருந்து வருகின்றன. குழந்தை பெரிதாக இருந்தாலும், வலி நெடுநேரம் நீடித்தாலும், ஆயுதம் போட்டு எடுத்தாலும் இந்த நரம்பு இழுபடலாம், தசை கிழியலாம். மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவிலுள்ள சுவர் தளர்ந்து முன்பக்கமாகப் புடைத்துக்கொள்வதும் உண்டு. மலம் அந்தப் பையில் போய்த் தங்கும். கையால் அழுத்தினால்தான் போகிறது என்று அக்கா சொல்வது ஒரு முக்கியமான தடயம். டாக்டரிடம் மறைக்கக் கூடாத விஷயமே அதுதான்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. தசை இறுகாமல் தளர்ந்தே போய், காற்றையோ மலத்தையோ அடக்க முடியாத நிலை. பிரசவத்துக்குப் பல வருடம் கழித்துக்கூட வரும். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளுக்கும் வரும். பஸ் ஏறுவதற்கு முன் பட்டினி கிடப்பது, கல்யாணத்துக்குப் போகாமல் தவிர்ப்பது என்று வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிவிடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள், செல்போனில் பார்த்தேன் என்று பலரும் 'கீகல்' பயிற்சி செய்கிறார்கள். ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-ல் எழுதிப் பரவிய பயிற்சி அது. தளர்ந்த தசையை இறுக்க நல்லது. ஏற்கெனவே இறுகிக் கிடக்கிறவர் அதையே செய்தால் கஷ்டம் கூடலாம். தண்ணீர் தேங்கிய வயலுக்கும் காய்ந்த வயலுக்கும் ஒரே பாசனம் செய்வதுபோல.

எது என்று கண்டுபிடிப்பது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. கையுறை போட்ட விரலால் சோதித்து, "முக்குங்கள்" என்று டாக்டர் சொல்லும்போதே தசை தளர்கிறதா இறுகுகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு நிமிடக் காரியம். தேவைப்பட்டால் மலக்குடலின் அழுத்தத்தை அளப்பார்கள். 50 மில்லி தண்ணீர் நிரப்பிய சின்ன பலூனை உள்ளே வைத்து, எவ்வளவு நேரத்தில் வெளியேற்ற முடிகிறது என்றும் பார்ப்பார்கள்.

இறுகும் கோளாறுக்கு 'பயோஃபீட்பேக்' என்ற பயிற்சி இருக்கிறது. தசை எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்பதைத் திரையில் பார்த்தபடியே சரியாகத் தளர்த்தப் பழக்குவார்கள். பத்தில் ஏழு பேர் வரை இதில் நல்ல குணம் காண்கிறார்கள். மாத்திரையைவிட இதுதான் அடிப்படை வைத்தியம். தளர்ந்த தசைக்குப் பயிற்சியும், கிழிந்த தசைக்கு அறுவை சிகிச்சையும் இருக்கின்றன.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. குத்துக்கால் போட்டு உட்காரும் நம் ஊர்க் கழிப்பறை மடிப்பை நேராக்கும். குடியிருப்பில் வெஸ்டர்ன் டாய்லெட் மட்டும்தான் என்றால், காலடியில் முக்கால் அடி உயர முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி உட்காரலாம். காலை ஆகாரம் முடிந்த அரை மணிக்குள் குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது. மூச்சைப் பிடித்து முக்காமல் வயிறு மேலெழும்படி மூச்சு விடவேண்டும். பத்து நிமிடத்தில் ஆகாவிட்டால் எழுந்துவிட வேண்டும். செல்போன் வெளியிலேயே இருக்கட்டும். கம்பும் கேழ்வரகும் நல்லவைதான், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், உப்புசம் கூடினால் குறையுங்கள். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து உலகமெங்கும் போகிற நிலாவாரை நல்ல பேதி மருந்துதான். ஆனால் அது குடலைத் தூண்டுமே ஒழிய, மதகைத் திறக்காது.

ஒன்று மட்டும் காத்திருக்கவே கூடாதது. நெல் மூட்டையோ சரக்கோ தூக்கி முதுகில் பிடித்துக்கொண்ட பிறகு, உட்காரும் இடமும் தொடை உட்புறமும் மரத்துப்போனாலோ, மூத்திரம் வராமல் நின்றுவிட்டாலோ, மலம் தெரியாமல் போனாலோ, கால்கள் பலமிழந்தாலோ, முதுகெலும்புக்குள் குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று பொருள். சுளுக்கு வழிக்கிற நேரம் இல்லை அது. 108-ஐக் கூப்பிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் மீளாத பாதிப்பு ஏற்படலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் உடல் இளைப்பது, நாற்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக மாறிய மலப்போக்கு, இவற்றுக்கும் உடனே பரிசோதனை தேவை.

திருவொற்றியூரில் இருக்கும் அக்காவுக்குத் தூரம் ஒரு தடையில்லை. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்து, இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் சொல்லும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. குடல் நோய்ப் பிரிவும் அங்கே உண்டு. பெண் டாக்டரிடம் முதலில் பேசினால்தான் மனசு வரும் என்றால், ராயபுரத்தில் 1880 முதல் இருந்துவரும் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனையில் கேட்கலாம்.

வாய்திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டிவிடலாம்: "நாலு வருடமாக. பிரசவத்துக்குப் பிறகு. வாரத்துக்கு இத்தனை தடவை. அரை மணி முக்குகிறேன். முழுதாகப் போன உணர்வு இல்லை. கையால் அழுத்த வேண்டியிருக்கிறது." கூடவே, சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர்களும் இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கக்கூடியவை. தங்கை கூடப் போவது நல்லது.