லயத்திற்கு மாற்று, பட்டாவுடன் கூடிய ஊர்

2020 ஆகஸ்ட் 6 இரவு, இடுக்கி மாவட்டம் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு வரிசை லயங்கள் மண்ணில் புதைந்தன. 66 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன; 4 பேர் கிடைக்கவேயில்லை. மாண்டவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலை ஆயிற்று.

அதன்பின் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு பற்றிய விவாதத்தில் இரண்டு தீர்வுகளே பெரிதும் பேசப்படுகின்றன. லயங்களைப் பழுது பார்ப்பது ஒன்று. எங்கோ சில சென்ட் நிலம் கொடுத்துக் குடும்பங்களைப் பிரித்து அனுப்புவது மற்றொன்று. இரண்டுமே போதாதவை.

சுவரோடு சுவர் ஒட்டியிருப்பது லயத்தின் குறையன்று. பக்கத்து வீட்டார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும், கொழுந்து பறிக்க நடந்தே செல்வதும், சங்கக் கூட்டத்திற்கு ஒரே குரலில் ஆள் திரள்வதும் அந்த நெருக்கத்தால்தான். இடப் பற்றாக்குறையும் பாதுகாப்பின்மையும் உடைமையின்மையுமே அதன் குறைகள். 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு வழங்கும் கடமையை முதலாளி மீது சுமத்தியது. ஆனால் வீடு வேலையோடு பிணைந்தே கிடந்தது. ஓய்வு பெற்றவர் வெளியேற வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் குடும்பம் தங்க முடியும். முதலாளியே வீட்டுக்காரனாகவும் இருந்தால் வேலைநிறுத்தக் காலத்தில் வெளியேற்றம் ஆயுதமாகிறது என்று எங்கெல்ஸ் 1872இலேயே சுட்டிக்காட்டினார். 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டு மூணாறு வீதியில் அமர்ந்த பெண் தொழிலாளர்கள் லயங்களின் அவலத்தையும் பேசினர். தொழிற்சங்கத் தலைமைகளையும் கடுமையாக விமர்சித்தனர். அந்த விமர்சனத்திற்கு உரிய பதில் இன்னும் கட்டப்படாத வீடுகளில்தான் இருக்கிறது.

நெருக்கமான குடியிருப்பு அழகாகவும் அமைய முடியும். பாலக்காட்டுக் கல்பாத்தியின் தமிழ் அக்ரகாரத்தில் பொதுச்சுவர் கொண்ட ஓட்டு வீடுகள், திண்ணைகள், நடந்தே சென்றடையும் ஆறும் கோயிலும் கடையும் உள்ளன. இன்று அது பாரம்பரியக் கிராமமாகப் போற்றப்படுகிறது. ஆனால் 1920களில் அத்தெருக்களில் நடக்கும் உரிமைக்கே ஈழவர்கள் போராட வேண்டியிருந்தது. அதே மாவட்டத்தின் தமிழக எல்லையில், கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியின் சக்கிலியர் குடும்பங்கள் தீண்டாமைக்கு எதிராகக் குரல் எழுப்பியது 2017இல். நடந்து செல்லத்தக்க அழகிய தெரு சாதியின் தனிச்சொத்தாக இருந்தது; அதை உழைப்பாளியின் உரிமையாக்குவதே இடதுசாரிகளின் பணி.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1919 முதல் 1934 வரை வியன்னாவின் சோசலிஸ்ட் மாநகராட்சி, பணக்காரர்கள் மீது கூடுதல் சுமை விழும்படி வீட்டு வரி விதித்து, 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பில் சலவைக்கூடமும் மழலையர் பள்ளியும் நூலகமும் முற்றங்களும் இருந்தன. கேரளத்திலும் 1972இல் எம்.என்.கோவிந்தன் நாயர் அமைச்சராக இருந்தபோது இலட்சம் வீடு திட்டம் தொடங்கியது. பின்னர் வந்த லைஃப் திட்டத்தில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்துள்ளன. அடிமாலி மச்சிப்ளாவில் 217 வீடுகள் கொண்ட அடுக்ககமும் அதில் அடக்கம். பெட்டிமுடியில் உயிர் தப்பிய 8 குடும்பங்களுக்கு அரசு நிலத்தில் நிறுவனம் வீடு கட்டித் தந்ததும் உண்மை. ஆனால் 8 வீடுகள் ஊராகிவிடா.

எனவே கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். நிலச்சரிவு அபாயமற்றதென ஆய்வில் உறுதியான இடத்தில், தோட்டத்திற்கு அருகிலேயே நிலம் ஒதுக்கப்பட வேண்டும். பரந்த தேயிலை நிலத்தில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதும். வீடுகளைச் சிதறடிக்காமல் சேர்த்துக் கட்டினால் காடும் சரிவும் காக்கப்படும். பட்டா பெண்ணின் பெயரிலும் இருக்க வேண்டும். தமிழ்வழிப் பள்ளி, அங்கன்வாடி, மருத்துவமனை, ரேஷன் கடை ஆகியவை நடக்கும் தொலைவில் அமைய வேண்டும். செலவில் நிறுவனங்களின் பங்கைச் சட்டம் உறுதி செய்ய வேண்டும். பழைய தோட்டச் சட்டத்தை விழுங்கிய ஒன்றிய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அக்கடமையை நீர்த்துப்போகச் செய்ய இடமளிக்கக் கூடாது.

கூலி உயர்வுக் கோரிக்கைக்கு அடுத்த வரியாக அல்ல, அதற்கு நிகராக இதை ஒவ்வொரு தோட்டக் கிளையும் விவாதிக்கட்டும். அடுத்த பெருமழைக்கு முன் அந்த விவாதம் போராட்டமாக வேண்டும்.