பில் பாஸாகும் வரை வயிறு பொறுக்குமா?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைச் சூறையாடியது. அருமனை, களியல், குலசேகரம் பக்கமெல்லாம் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. மாவட்டமெங்கும் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் முறிந்தன. இருளில் கிடந்த ஊர்களுக்கு வெளிச்சம் கொண்டுவந்தவர்கள் யார்? மின்வாரியத் தொழிலாளரும், வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளரும்தான். விளக்கு எரிந்ததை எல்லோரும் பார்த்தோம். ஆனால் இப்படிப்பட்ட வேலைகளில் பாடுபடுகிறவனுக்குக் கூலி எந்த வழியாக, எத்தனை நாள் கழித்துக் கைக்கு வருகிறது என்பதை எத்தனை பேர் பார்க்கிறோம்?

மின்நிலையமோ, துறைமுகமோ, பெரிய ஆஸ்பத்திரியோ எழும்பும்போது வேலையை எடுப்பது ஒரு பெரிய கம்பெனி. மின்வேலையை அது ஒரு துணைக் காண்ட்ராக்டரிடம் விடுகிறது. அவர் மேஸ்திரியிடம் விடுகிறார். மேஸ்திரிக்குக் கீழே வயர்மேனும் ஹெல்பரும். வேலை மேலிருந்து கீழே ஒரே நாளில் வந்துவிடுகிறது; பணம் மட்டும் மாதக்கணக்கில் படிப்படியாக இறங்குகிறது.

துணைக் காண்ட்ராக்டர் முதலில் டிபாசிட் கட்ட வேண்டும். பாங்கி ஜாமீன் கொடுக்க வேண்டும். கேபிள், செம்புக் கம்பி, பைப்பு எல்லாம் கைப்பணத்தில் வாங்க வேண்டும். முடிந்த வேலையை அளந்து, அளவுப் புத்தகத்தில் ஏற்றி, என்ஜினீயர் கையெழுத்துப் போட்டால்தான் பில் நகரும். அதிலும் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ 'பிடித்தம்' என்று நிறுத்தி வைப்பார்கள். வேலை முடிந்து ஓராண்டோ அதற்கு மேலோ கழிந்து, பழுதில்லை என்றான பிறகே அது திரும்பும். மின்வேலைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தளம் வார்க்கும்போதே பைப்பு பதிக்க உள்ளே போகிறவர்கள், கடைசி விளக்கை எரியவிட்டுப் பரிசோதித்த பிறகுதான் வெளியே வர முடியும். கொத்து வேலை தாமதித்தாலும், பூச்சு வேலை தாமதித்தாலும் மின்வேலைக்காரரின் கடைசி பில் நின்றுவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது தொழிலாளர், நாளுக்கு 800 ரூபாய், மாதம் 25 நாள் வேலை. கூலி மட்டும் மாதம் 4 லட்சம். பில் பணம் மூன்று மாதம் பிந்தினால் 12 லட்சம் வெளியே நிற்கும். நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி 24,000 ரூபாய். ஒரு தொழிலாளியின் மாதக் கூலியைவிட இது அதிகம்! இந்த வட்டியைப் பெரிய கம்பெனி கொடுக்குமா? கொடுக்காது. காண்ட்ராக்டர் முடிந்ததைத் தாங்குவார். முடியாததைக் கூலியில் இறக்குவார். வட்டியில்லாமல் கம்பெனிக்குக் கடன் கொடுப்பது, அரிசிக்கடையில் கடன் சொல்லும் தொழிலாளிதான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் பாங்கியின் வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்கிறது. ஆனால் பொருளும் உழைப்பும் சேர்ந்த வேலை ஒப்பந்தங்கள் அதற்குள் வரா என்று பம்பாய் உயர் நீதிமன்றம் போன்றவை தீர்ப்பளித்துள்ளன. பெரிய மின்வேலை பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒப்பந்தம்தானே! பில்லைக் காட்டிப் பாங்கியிடம் பணம் பெறும் இணையச் சந்தையில், 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31க்குள் சேர வேண்டும் என்று உத்தரவு வந்தது. சேரக் கட்டாயம் உண்டு; பில்லை ஒப்புக்கொள்ளக் கட்டாயம் இல்லை.

தொழிலாளியின் நிலையோ இன்னும் மோசம். 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே 1970ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தியது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பு அந்த எண்ணிக்கையை 50 ஆக்கிவிட்டது. 20, 30 பேரை வைத்து நடத்தும் சிறு காண்ட்ராக்டரின் ஆட்கள் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள்.

பெரியவர்களுக்குப் பாக்கி விழுந்தால் மட்டும் சர்க்கார் விழித்துக்கொள்கிறது. மின் உற்பத்திக் கம்பெனிகளின் நிலுவையைத் தீர்க்க 2020 மே மாதத்தில் 90,000 கோடி ரூபாய்க் கடன் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2022இல் தனி விதிகளே வந்தன. அவற்றின்படி அதே ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 13 மாநிலங்களின் மின் நிறுவனங்கள் மின்சந்தையில் வாங்க முடியாதபடி தடுக்கப்பட்டன. மின்சாரம் விற்பவனுடைய பாக்கிக்கு இத்தனை வேகம். கம்பி இழுப்பவனுடைய பாக்கிக்கு ஏன் இல்லை?

இங்கிலாந்தைப் பாருங்கள். 'எனக்கு வந்தால்தான் உனக்கு' என்ற ஷரத்தை, மேலே உள்ளவர் திவாலாகும் நிலை தவிர, 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அங்கு செல்லாததாக்கினார்கள். ஆனாலும் 120 நாள் தவணை வைத்து நடத்திய கரிலியன் என்ற ராட்சதக் கட்டுமானக் கம்பெனி 2018 ஜனவரியில் கவிழ்ந்தபோது, சுமார் 30,000 சிறு நிறுவனங்களின் பணம் சிக்கிக்கொண்டது. ஒரு ஓட்டையை அடைத்தால் போதாது, எல்லா ஓட்டைகளையும் அடைக்க வேண்டும் என்பதே பாடம்.

ஆகவே நாம் கோருவது இது:

1. 'வந்தால் தருவோம்' என்ற ஷரத்து சட்டப்படி செல்லாததாக வேண்டும்.

2. 45 நாள் விதி வேலை ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும் என்று திருத்தம் வேண்டும்.

3. ஒவ்வொரு பில்லிலும் கூலிப் பங்கைத் தனியே பிரித்து, அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

4. பிடித்தப் பணம் கம்பெனியின் பெட்டியில் கலக்காமல் தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

5. ஆள் எண்ணிக்கை எதுவானாலும், காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த பெரிய நிறுவனமே தர வேண்டும்.

இது மின்தொழிலாளியின் தனிக் கவலை அல்ல. கரும்புக்கு 14 நாளில் பணம் என்று 1966ஆம் ஆண்டு உத்தரவு எழுதி வைத்தது. அதன் பிறகும் நிலுவைக்காக விவசாயிகள் ஆலை வாசலில் உட்கார வேண்டியிருந்தது. காகிதத்தில் எழுதியதைக் கையில் வாங்கித் தருவது சங்கம்தான். வயர்மேனும் ஹெல்பரும் சங்கத்தில் சேரட்டும். சிறு காண்ட்ராக்டர்களும் மேலே உள்ளவனிடம் கேட்க வேண்டியதைக் கீழே உள்ளவனிடம் பிடுங்காமல், இந்தக் கோரிக்கைகளில் தோள் கொடுக்கட்டும். ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் துணை நின்றால், பில்லுக்காகக் கூலி காத்திருக்கும் முறையை ஒழிக்க முடியும்.