எலிக்கு வைத்த விஷம் யாருக்கு?

வண்டி நிற்கும் ஷெட்டில் எலி புகுந்துவிட்டது. என்ன செய்வது?

யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "கடையிலே எலி மருந்து விக்குது. வாங்கி வை!"

வேண்டாம் என்கிறோம் நாம். எலியை ஒழிக்க விஷம் தேவை இல்லை. விஷம் வைப்பதால் மட்டும் எலி ஒழிந்துவிடுவதும் இல்லை. ஆனால் அந்த விஷத்தால் மனித உயிர் போயிருக்கிறது. குழந்தைகளின் உயிர் போயிருக்கிறது.

ஏன் இப்படிச் சொல்கிறோம்? கேளுங்கள்.

ஷெட்டா, களஞ்சியமா?

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் பக்கத்தில் இருக்கிறது கண்ணமங்கலம். வேலூரில் இருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் உள்ள ஊர். நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற பூமி. வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள் இந்தப் பக்கத்து மக்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஷெட் என்றால் அங்கே வண்டி மட்டுமா நிற்கிறது? இல்லை. ஒரு மூலையில் நெல் மூட்டை. பக்கத்தில் விதைக்கு எடுத்து வைத்த மல்லாட்டை. மாட்டுக்குப் புண்ணாக்கு, தவிடு. அப்புறம் கிழிந்த சாக்கு, பழைய பேப்பர், கால் உடைந்த நாற்காலி. வீட்டுக்குள் இடம் இல்லாத சாமான் எல்லாம் ஷெட்டுக்குத்தான் வருகிறது.

எலிக்கு என்ன வேண்டும்? தின்ன இரை, ஒளிய இடம், குட்டி போட மெத்தை. மூன்றும் அங்கே தயாராக இருக்கின்றன. அறுவடை முடிந்து வயல் வெறுமையானாலும், மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தாலும் எலிகள் வீட்டுப் பக்கம் திரும்புகின்றன. விருந்து வைத்து, படுக்கையும் விரித்து வைத்துவிட்டு, "ஐயோ, எலி வந்துவிட்டதே!" என்று கூச்சல் போட்டு என்ன பயன்?

சின்னப் பிராணி, பெரிய நஷ்டம்

எலியை அலட்சியமாக நினைக்கக் கூடாது. சுண்டெலியின் கர்ப்ப காலம் சுமார் 3 வாரம்தான். ஒரு ஈற்றில் 5, 6 குட்டிகள் போடும். அந்தக் குட்டிகள் ஏறக்குறைய 6 வாரத்தில் இனம் பெருக்கும் பருவத்துக்கு வந்துவிடும். இன்று ஜோடியாக வந்தவை, பொங்கலுக்குள் கூட்டமாகிவிடும்.

எலியின் முன் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எலி எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். வண்டியின் ஒயரும் அதற்குக் கொறிக்கும் பண்டம்தான். ஒயர் அறுந்தால் வண்டி கிளம்பாது. ஒயரின் மேலுறை போய்க் கம்பிகள் உரசினால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

நோயும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் ஈர மண்ணும் காலில் உள்ள புண்ணில் பட்டால் எலிக் காய்ச்சல் வரலாம். முற்றினால் சிறுநீரகமும் ஈரலும் கெடும்.

இன்னொரு விருந்தாளியையும் மறக்கக் கூடாது. எலி இருக்கும் இடத்தைத் தேடிப் பாம்பு வரும். நல்ல பாம்பும் வரும், கண்ணாடி விரியனும் வரும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் பாம்புக் கடியால் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஆகவே, எலியை விட்டு வைக்கக் கூடாது. அதில் இரண்டு பேச்சு இல்லை. எப்படி ஒழிப்பது என்பதுதான் கேள்வி.

குன்றத்தூரில் நடந்த கோரம்

2024 நவம்பர் மாதம். சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூர். ஒரு வீட்டில் எலித் தொல்லை. பூச்சி, எலி ஒழிக்கும் தொழில் செய்கிறவர்களை அழைத்து வீட்டுக்குள் மருந்து வைத்தார்கள். இரவில் அந்தக் குடும்பம் படுத்து உறங்கியது. மருந்தில் இருந்து கிளம்பிய விஷக் காற்று மூச்சோடு உள்ளே போனது. இரண்டு சிறு குழந்தைகள் இறந்தன. தாயும் தகப்பனும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

எலியை ஒழிக்க நினைத்ததா குற்றம்? இல்லை. எந்தத் தாயும் செய்கிற காரியம்தான். ஆனால் விஷத்துக்கு எலி யார், குழந்தை யார் என்று தெரியாது.

கடையில் எலி மருந்து பல வகை உண்டு. துத்தநாக பாஸ்பைடு, அலுமினிய பாஸ்பைடு போன்றவை ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற விஷக் காற்றை வெளியே விடும். அடைத்த அறைக்குள் அது எமன்.

பற்பசை மாதிரிக் குழாயில் அடைத்து விற்ற இன்னொரு மருந்து மஞ்சள் பாஸ்பரஸ் பசை. தக்காளியிலும், தேங்காய்ச் சில்லிலும், பிஸ்கட்டிலும் தடவி மூலையில் வைப்பார்கள். தவழும் குழந்தைக்குப் பிஸ்கட் தெரியும். விஷம் தெரியுமா? அந்தப் பசை வயிற்றுக்குள் போனால் ஒன்றிரண்டு நாள் ஆள் நன்றாக இருப்பது போலவே தோன்றும். "ஒன்றும் ஆகவில்லை" என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். அதற்குள் ஈரல் கெட்டுப்போகும். அதற்கென்று முறிவு மருந்து கிடையாது. இதனால் பல உயிர்கள் போனதைப் பார்த்துத்தான் தமிழக அரசு 2022, 2023 ஆண்டுகளில் இந்தப் பசைக்கு எதிராகத் தடை நடவடிக்கை எடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் சண்டை, கடன் தொல்லை, பரீட்சையில் தோல்வி. மனிதனுக்கு ஒரு நிமிஷம் புத்தி தடுமாறும். அந்த ஒரு நிமிஷத்தில் கை எட்டும் தூரத்தில் விஷம் இருக்கக் கூடாது. நிமிஷம் கடந்தால் மனம் தெளியும், உயிர் பிழைக்கும். மனம் உடைந்தவர்கள் 104 என்ற எண்ணுக்குப் பேசினால் ஆறுதலும் ஆலோசனையும் கிடைக்கும்.

விஷத்தால் எலி ஒழியுமா?

சில எலிகள் சாகும், வாஸ்தவம்தான். செத்த எலி மூட்டைக்கு அடியில் கிடந்து நாறும். அதைத் தின்ற பூனையும் நாயும் கூகையும் கூடச் சாகலாம். கூகைக்கு எலியே ஆகாரம். கூகையைக் கொன்றால் யாருக்கு லாபம்? எலிக்குத்தான்!

எலி முட்டாள் அல்ல. மருந்து வைத்த இரையைச் சிறிது தின்று பார்க்கும். உடம்புக்கு ஆகாமல் போய்ப் பிழைத்துக்கொண்டால், அந்த இரையை மறுபடி தொடாது.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஒன்று. மருந்து வைத்த பிறகும் மூட்டை அதே இடத்தில் இருக்கிறது. ஓட்டையும் அதே இடத்தில் இருக்கிறது. ஒரு எலி செத்தால், வெளியே இருக்கிற எலி அதே ஓட்டை வழியாக வந்து அதே மூட்டையைத் தின்னும்.

இருளரிடம் கற்கலாம்

எலி பிடிப்பதில் நம் நாட்டில் கைதேர்ந்தவர்கள் இருளர் மக்கள். வட தமிழ்நாட்டு வயல்களில் தலைமுறை தலைமுறையாக எலி பிடித்தவர்கள். அவர்கள் எலியைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. முதலில் வரப்பில் நின்று வளையைப் பார்ப்பார்கள். எந்த வளையில் எலி இருக்கிறது, அதற்கு எத்தனை வாசல் என்று கண்டுபிடிப்பார்கள். மற்ற வாசல்களை அடைத்துவிட்டு, ஒன்றில் மட்டும் மண் பானையால் புகை ஊதுவார்கள். வாயால் ஊதி ஊதி அவர்கள் நெஞ்சு கெட்டது. அந்தக் கஷ்டத்தைத் தீர்க்க, கையால் இயக்கும் இரும்புப் புகைக் கருவி ஒன்று வந்தது. அதை இருளருக்குக் கொடுக்கும் திட்டத்துக்கு 2003இல் உலக வங்கியின் போட்டியில் பரிசு கிடைத்தது.

வீட்டில் நாம் புகை போட வேண்டியதில்லை. அவர்களிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுதான். எலியைத் தேடாதே, எலி வரும் வழியைத் தேடு!

செய்ய வேண்டியது என்ன?

முதலில், இரையை எடுங்கள். விதையையும் தவிட்டையும் இறுக்கமான மூடி போட்ட தகர டிரம்மில் வையுங்கள். டிரம் இல்லாவிட்டால் மூட்டையைப் பலகை மேல் ஏற்றி, சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். நடுவில் வெளிச்சமும் துடைப்பமும் போக இடம் இருந்தால் எலிக்கு ஒளிய இடம் இல்லை. கிழிந்த சாக்கையும் பழைய பேப்பரையும் வெளியேற்றுங்கள்.

இரண்டாவது, வழியை அடையுங்கள். பட்டப் பகலில் ஷெட்டின் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நில்லுங்கள். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ, அதெல்லாம் எலியின் வாசல். பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தால் சுண்டெலி குட்டி நுழைந்துவிடும். துணியும் மரக் கட்டையும் வைத்து அடைத்தால் கொறித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை உள்ளே திணித்து, மேலே சிமெண்டு பூசுங்கள். கதவுக்கு அடியில் சந்து இருந்தால் தகரப் பட்டை அடியுங்கள். ஜன்னலுக்கு நெருக்கமான கம்பி வலை போடுங்கள்.

மூன்றாவது, உள்ளே மாட்டிக்கொண்ட எலிகளுக்குப் பொறி வையுங்கள். எலி சுவர் ஓரமாகவே ஓடும். ராத்திரி சுவர் ஓரம் கொஞ்சம் சாம்பல் தூவி வைத்தால், காலையில் கால் தடம் வழியைக் காட்டிக் கொடுக்கும். அந்த வழியில் பொறியை வையுங்கள். ஒன்று போதாது, நாலைந்து வேண்டும். வறுத்த மல்லாட்டை, சுட்ட தேங்காய்ச் சில், கருவாடு ஆகியவை நல்ல இரை. பெரிய எலி புதிய சாமானைக் கண்டால் மிரளும். ஆகவே 3, 4 நாள் பொறியை ஏற்றாமல், இரையை மட்டும் வைத்துப் பழக்குங்கள். பிறகு ஏற்றுங்கள். குழந்தைகளின் விரல் பொறியில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூண்டில் சிக்கிய எலியை அடுத்த தெருவில் கொண்டு போய் விடுவது நியாயம் அல்ல.

நான்காவது, சுத்தம் செய்யும்போது எச்சரிக்கை. காய்ந்த புழுக்கையை அப்படியே பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, சற்று நேரம் ஊற விட்டு, கையில் உறை போட்டுத் துணியால் துடையுங்கள்.

ஐந்தாவது, வண்டியை மாதக் கணக்கில் அசையாமல் நிறுத்தி வைக்காதீர்கள். வாரம் ஒரு முறையாவது முன் மூடியைத் திறந்து, உள்ளே கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

சத்தம் போட்டு எலியை விரட்டும் மின்சாரக் கருவிகளை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். இந்தக் கருவிகளைச் செய்து விற்ற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் 2001இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. "விஞ்ஞான ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதே" என்பதுதான் அதன் சாரம்.

"நேரம் எங்கே?"

"இதற்கெல்லாம் நேரம் எங்கே ஐயா? மருந்து என்றால் 5 நிமிஷ வேலை" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உழைத்துக் களைத்து வருகிறவர்களுக்கு ஓட்டை அடைப்பது கூடுதல் வேலைதான். ஆனால் மருந்தை மாதா மாதம் வைக்க வேண்டும். ஓட்டையை நன்றாக அடைத்துவிட்டால் நெடுநாள் கவலை இல்லை. கொஞ்சம் சிமெண்டும் ஒரு தகரத் துண்டும் ஒரு நாள் பாடும்தான் செலவு. இந்தப் பக்கத்துக் குழந்தையின் உயிரோடு இதைத் தராசில் வைத்துப் பார்க்கலாமா?

வயலில் எலி ஒழிப்பது வேறு விஷயம். அதற்கு வேளாண்மைத் துறை அதிகாரிகளின் யோசனையைக் கேளுங்கள். நாம் சொல்வது வீட்டைப் பற்றி. ஷெட்டும் வீடுதான். அங்கேதான் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள்.

கடைக்கார நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தடை செய்த பசையை, தெரிந்தவர் கேட்டார் என்று பெட்டிக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தச் சில ரூபாய் லாபம் வேண்டாம். ஊராட்சியும் தெருக் குப்பையை அன்றாடம் அகற்ற வேண்டும். ஒரு வீடு மட்டும் ஓட்டையை அடைத்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போகும். தெருவே சேர்ந்து அடைத்தால் போக்கிடம் இல்லை.

யாராவது எலி மருந்தைத் தின்றுவிட்டது தெரிந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மருந்தின் உறையையும் கையோடு எடுத்துப் போங்கள். ஆள் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும்.

தாய்மார்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளுக்கு லீவு, வீட்டுக்காரரும் வீட்டில் இருப்பார். எல்லாருமாகச் சேர்ந்து ஷெட்டில் நின்று, கதவைச் சாத்தி, வெளிச்சம் வரும் ஓட்டைகளை எண்ணுங்கள். சாயங்காலத்துக்குள் அவற்றை அடையுங்கள். கடையில் வாங்க வேண்டியது சிமெண்டு. விஷம் அல்ல!